பெரியவரின் கடைசி மூச்சு

சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைப்பது எங்கள் தொழிலில் சாதாரண விஷயம், மேடம். ஒலிப்பதிவு செய்கிறவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் படப்பிடிப்பு என்றால் நாங்கள் முதலில் தேடுவது அந்த வீட்டு ஃப்ரிட்ஜைத்தான். அதன் மோட்டார் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்; எப்போது ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. மனிதக் காது அதைப் பழகித் தள்ளிவிடும். மைக் தள்ளாது. அதனால் சுவிட்சை அணைத்துவிடுவோம். திரும்பப் போட மறந்தால் பால், காய்கறி எல்லாம் பாழாகி வீட்டுக்காரர் வாயில் விழ வேண்டியிருக்கும். ஆகவே அணைத்த கையோடு வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவோம். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது. சாவியை எடுக்கப் போனால் சுவிட்ச் தானாக ஞாபகம் வந்துவிடும்.

என் மனைவி உங்களிடம் முதலில் சொன்னது இந்தச் சாவியைப் பற்றித்தான் என்று கேள்விப்பட்டேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவள் கொண்டுவந்து கொடுத்த மெமரி கார்டை, மாலையில் உங்கள் நிபுணர் வந்ததும் என் முன்னால் போட்டுக் காட்டப்போவதாகச் சொன்னீர்கள். அதற்கு அவசியம் இல்லை. நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அதை மட்டும் என் முன்னால் போட வேண்டாம். ஜெயிலை நினைத்து நான் பயப்படவில்லை. அந்த ஒலியை ஆரம்பத்திலிருந்து கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. மேலே ஓடுகிற விசிறியில் ஒரு தட்டல் இருக்கிறது. மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் ரெக்கார்டரில் அது கட்டாயம் விழும். அணைத்தால் பதிவு சுத்தமாக இருக்கும். இல்லை, வேண்டாம். ஓடட்டும். அமைதியான அறையில் இப்போதெல்லாம் என்னால் உட்கார முடிவதில்லை.

நான் வேலை செய்யும் தொடர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாரம் ஒரு கொலை. ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் துப்புத் துலக்குவார். எல்லோரும் அவரைப் ‘பெரியவர்’ என்பார்கள். அவரோடு ஓர் இளம் பெண் அதிகாரி. உண்மையான போலீஸ்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அதில் வருகிற ஒலிகளைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. முட்டைக்கோஸில் கத்தியை இறக்கினால் கழுத்து. காய்ந்த குச்சியை ஈரத் துணியில் சுற்றி முறித்தால் எலும்பு. செத்தவர் தரையில் விழுவதற்கு ஒரு மணல் மூட்டை வைத்திருக்கிறேன். ஆள் ஒல்லியா, தடியா என்பதைப் பொறுத்து மணலைக் கூட்டுவேன், குறைப்பேன். முதல் வாரத்திலிருந்து அந்தத் தொடரில் செத்த அத்தனை பேரும் என் கையால் செத்தவர்கள்தான். செட்டில் என்னைக் ‘காது’ என்று கூப்பிடுவார்கள். “காது சாப்பிட்டாச்சா?” “காதுக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா.” எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பெரியவராக நடித்தவருக்கும் தயாரிப்பாளருக்கும் கொஞ்ச நாளாகவே ஒத்துப்போகவில்லை. ஒருநாள் ஒப்பனை அறையிலிருந்து பாதி மீசையோடு எழுந்து போன மனிதர் திரும்பி வரவே இல்லை. பெரியவரைக் கொன்றுவிடுவது என்று முடிவாயிற்று. ஆளே இல்லாமல் எப்படிக் கொல்வது என்று கதை எழுதுகிறவர் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். பெரியவரை ஒரு கிடங்கில் அடைத்து விஷப் புகையைத் திறந்துவிடுகிறார்கள். அவர் அந்தப் பெண் அதிகாரிக்குப் போன் செய்கிறார். பேச வரவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. திரையில் அவள் முகமும் காதில் ஒட்டிய போனும்தான். பெரியவர் சாவது முழுக்க முழுக்க ஒலியில். அதாவது, என் பொறுப்பில்.

நான் என் மூச்சையே பதிவு செய்து கொடுத்தேன். டைரக்டர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “இது சாகுற மூச்சு இல்ல காது. மூட்டை தூக்கினவன் மூச்சு” என்றார். குரல் கொடுக்கிற நடிகர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் பாவம், முகம் சிவக்கச் சிவக்க இழுத்தார். டைரக்டர் அதையும் கேட்டார். “இவர் பயந்த மாதிரி நடிக்கிறாரு. எனக்குப் பயம் வேணும்.”

பக்கத்தில் இருந்த தயாரிப்பாளர், “எதுக்கு இவ்வளவு கஷ்டம்? இப்பதான் எல்லாச் சத்தமும் கம்ப்யூட்டர்லயே ரெடிமேடா கிடைக்குதே, வாங்கிப் போட்டுக்கலாம்” என்றார்.

“அப்ப காது எதுக்கு?” என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது, மேடம். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இங்கே மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அண்ணன். எங்கள் வீட்டு மாடியில் இருந்த ஒற்றை அறையில்தான் இருந்தார். ஒரு கட்டில், ஒரு டிவி, தங்கை வாங்கிக் கொடுத்த சின்ன ஃப்ரிட்ஜ், அதற்குமேல் மருந்துகள். லாரி ஓட்டியவர். பெற்றோர் போனபிறகு தங்கையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்ததே அவர்தான்; தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. ஆஸ்துமா முற்றியதும் வண்டியை விட்டுவிட்டார். அவருடைய மூச்சு இழுத்து, இழுத்து, முடிகிற இடத்தில் மெல்லியதாக ஒரு விசில் வரும். எங்கள் மகள் அவரை ‘விசில் மாமா’ என்றுதான் கூப்பிடுவாள். அவரும் வேண்டுமென்றே இரண்டு முறை கூடுதலாக ஊதிக் காட்டுவார்.

அவர் எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் காரணம் தேடுவீர்கள். எங்களுக்குள் சொத்துச் சண்டை இல்லை, வாய்த் தகராறு இல்லை. நான் வீட்டுக்குள் நுழைந்தால் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “மாப்ள, இந்த வாரம் யாரு காலி?” என்று கேட்கிற மனிதர். எங்கள் தொடருக்கு அவரைப்போல ஒரு ரசிகர் கிடையாது. பெரியவர் என்றால் அவருக்கு உயிர். பெரியவரைக் கொல்லப்போகிறோம் என்று நான் வாய் தவறிச் சொன்ன அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, “நல்ல மனுசன் ஒருத்தன் நிம்மதியா ரிட்டயர் ஆகக் கூடாதா உங்க ஊர்ல?” என்று என்னைக் கேட்டார். என்னவோ நான்தான் கதை எழுதியதுபோல.

அவகாசம் வாங்கி வந்த மறுநாள் காலை, மாடியில் அவருக்கு இழுக்கிற சத்தம் கேட்டது. மனைவி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் போனேன். அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். அவள் இன்ஹேலரை அவர் வாயில் வைத்து அழுத்தினாள், முதுகைத் தடவினாள். நான் வாசலில் நின்றேன். உதவவில்லை என்று சொல்ல முடியாது. உதவ அவள் இருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். டைரக்டர் கேட்ட பயம் அந்த மூச்சில் இருந்தது. நடிகர்கள் மூச்சை வெளியே விடும்போது பயத்தைக் காட்டுவார்கள். உண்மையில் பயம் இருப்பது மூச்சை உள்ளே இழுக்கும்போது. அடுத்தது வருமா, வராதா என்று அந்த உடம்பே கேட்கிற இடம் அது. அதன் முடிவில் அந்த விசில். அன்றிலிருந்து அவர் படி ஏறினாலும், இருமினாலும், என் காது தானாக அதை எடைபோட ஆரம்பித்தது. அதை நான் தடுத்திருக்க முடியாது. ஒரு தையல்காரர் எதிரே வருகிறவரின் சட்டையைப் பார்க்காமல் இருப்பாரா?

நான் அவரிடமே கேட்டேன். மறைக்கவில்லை. “மச்சான், பெரியவரோட கடைசி மூச்சுக்கு உங்க மூச்சு குடுக்கிறீங்களா?” என்றேன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“என் மூச்சா? டிவியிலயா?”

“ஆமா. சும்மா இழுக்கிற மாதிரி செஞ்சு காட்டுங்க, போதும்.”

“பேரு போடுவாங்களா மாப்ள?”

“மூச்சுக்கெல்லாம் பேரு போட மாட்டாங்க மச்சான்.”

“பரவால்ல. பெரியவருக்காகச் செய்றேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க. டிவியில வரும்போது அவளே கண்டுபிடிக்கட்டும்” என்றார். அவளே கண்டுபிடிக்கட்டும் என்று சொன்னது அவர்தான்.

மதியத்தைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு தகரப் பட்டறை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் அங்கே சுத்தியல் ஓயும். மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள், மாலையில்தான் வருவாள். மகள் பள்ளிக்கூடத்தில். நான் ஸ்டுடியோவுக்கு மதியத்துக்குமேல் வருவதாகச் சொல்லியிருந்தேன். அறையில் எதிரொலி வராமலிருக்க ஸ்டுடியோவில் தொங்கவிடுகிற தடித்த கம்பளிகளைக் கொண்டுவந்து சுவரெல்லாம் மாட்டினேன். அவை வருடக்கணக்கில் கிடங்கில் கிடப்பவை. வழக்கமாக மொட்டைமாடியில் உதறித் தட்டிவிட்டுத்தான் ஒரு வீட்டுக்குள் கொண்டுபோவேன். அன்று பட்டறைச் சுத்தியல் மறுபடி தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். தட்டவில்லை.

மச்சான் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சைப் பதிவு செய்ய எதற்குச் சலவைச் சட்டை என்று கேட்டேன். “ஒரு மரியாதைதான்” என்றார்.

தூசிதான் காரணம், மேடம். கொஞ்ச நேரத்தில் அவருக்கு உண்மையாகவே இழுக்க ஆரம்பித்துவிட்டது. நான் எதிரே மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கை கால் ஓடவில்லை. பயத்தில் உறைந்துபோய்விட்டேன். ஹெட்போன் காதில் இருந்தது. அந்த ஒலியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை. பிறகு அது நின்றுவிட்டது. இதைத்தான் நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். அவள் உங்களிடம் வராமல் இருந்திருந்தால் இதையேதான் நம்பிக்கொண்டு இருந்திருப்பேன்.

அடுத்து நடந்ததைச் சொல்கிறேன். கம்பளிகளை மடித்து மாடிப்படிக்குக் கீழே போட்டேன். ரெக்கார்டரைப் பையில் வைத்தேன். வண்டியை எடுக்கலாம் என்று சட்டைப்பையில் கையை விட்டேன். சாவி இல்லை. கையில் வந்தது இன்ஹேலர்.

அது ஏன் என் பையில் இருந்தது என்று கேட்பீர்கள். பதிவுக்கு முன்னால் மேசைமேல், கட்டில்மேல் இருக்கிற ஆடுகிற, கிலுங்குகிற பொருள்களை எல்லாம் எடுத்து வைத்துவிடுவது வழக்கம். மாத்திரை டப்பா, ஸ்பூன், சில்லறை. இன்ஹேலரை ஆட்டினால் உள்ளே லொடலொடவென்று ஒரு சத்தம் வரும். அதனால் எடுத்து வைத்தேன். அவர் அதைத்தான் தேடினார். தலையணைக்குக் கீழே தேடினார், மேசைமேல் தடவினார். அந்தத் தடவுகிற சத்தமும் பதிவில் இருக்கிறது. டைரக்டர் அதைத்தான் மிகவும் பாராட்டினார். கிடங்கில் பெரியவர் கதவைத் தடவுவதாக அதை வைத்துக்கொண்டார்கள்.

வீடு முழுக்கச் சாவியைத் தேடிப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஸ்டுடியோவுக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் ஞாபகமே வரவில்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வயதானவருக்கு மூச்சு வாங்கியது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதி தூரத்தை நடந்தேன்.

டைரக்டர் ஒரே முறைதான் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்து, “காது, நீ மனுசன் இல்ல” என்றார். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அப்போதுதான் மனைவியிடமிருந்து போன் வந்தது. அண்ணனுக்கு டீ கொண்டுபோனவள் பார்த்திருக்கிறாள். காலையிலிருந்து ஸ்டுடியோவில்தான் இருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். நான் போனபோது வீடு நிறையக் கூட்டம். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. குனிந்தபோது இன்ஹேலரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பிறகு யாரோ அதைக் கண்டெடுத்து, “ஐயோ, கைக்கு எட்டாம விழுந்திருக்கே” என்றார்கள். டாக்டருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. எத்தனை வருட நோய்.

மறுநாள் காலையில் பார்த்தேன். என் வண்டிச் சாவி, வழக்கமான ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. மாடி ஃப்ரிட்ஜுக்குள் இருந்த சாவி அது. யாரோ அதை எடுத்துக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். வீட்டில் சொந்தக்காரர்கள் பலர் இருந்தார்கள். யாரிடம் கேட்பது? என்னவென்று கேட்பது? என் மனைவி அதற்குக் கீழே நின்று மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். “பால் திரிஞ்சு போச்சுங்க, கொட்டிட்டேன்” என்று மட்டும் சொன்னாள். எந்தப் பால், எந்த ஃப்ரிட்ஜ் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதன்பிறகு நாங்கள் இருவரும் அந்த ஆணியைப் பார்க்காமலே அதைக் கடந்து போய்வந்தோம்.

அந்த நாட்களில் நான் பட்ட பயத்தை எப்படிச் சொல்வது? அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள். சாப்பாடு போட்டாள், என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். ஆனால் சமையலறையில் எங்கள் ஃப்ரிட்ஜின் மோட்டார் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் வீடு முழுக்க ஓர் அமைதி விழும். அந்த அமைதியில் மாடியிலிருந்து ஒரு மூச்சு இழுபடும். உண்மையில் இல்லை என்று எனக்குத் தெரியும். என் காதை எனக்குத் தெரியாதா? ஆனாலும் மோட்டார் மறுபடி ஓடுகிறவரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். மகள் தூங்கும்போது மூக்கடைத்து லேசாக விசில் மாதிரி வந்தாலும் எழுப்பிவிடுவேன். குழந்தை அழும். அவள் அம்மா கதவருகே வந்து நின்று என்னைப் பார்ப்பாள்.

பெரியவர் சாகிற வாரம் வந்தது. அன்று மாலை நான் வீட்டில் டிவி போடக் கூடாது என்று பார்த்தேன். கேபிள் சரியில்லை என்றேன். வெளியே எங்காவது போய்ச் சாப்பிடலாம் என்றேன். அவள், “அண்ணன் இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்காகவாவது நான் பாக்கணும்” என்றாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

அந்தக் காட்சி வந்தது. பெண் அதிகாரியின் முகம். போன். மூச்சு.

நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். முதல் இழுப்பில் அவள் கை தரையில் ஊன்றியது. இரண்டாவதில் தலை நிமிர்ந்தது. சின்ன வயதில் அவளும் அண்ணனும் ஒரே அறையில் படுத்தவர்கள். அந்த மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தூங்குவேன் என்று கல்யாணமான புதிதில் என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அப்போது அது மறந்துபோயிருந்தது. விசில் வந்தது. பிறகு வரவில்லை. திரையில் அந்தப் பெண் கதறினாள், இசை எழுந்தது. என் மனைவி அழவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். சுவரில் இருந்த சுவிட்சை அணைக்கிற சத்தம் கேட்டது. எங்கள் ஃப்ரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அதன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே என்னைக் கேட்டாள்.

“அன்னைக்கு ஸ்டுடியோவுல இருந்தேன்னு சொன்னீங்க. அப்ப சாவிய எப்ப உள்ள வச்சீங்க?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மேசை இழுப்பறையில் இருந்த கார்டை எடுத்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதை நான் ஏன் அழிக்காமல் வைத்திருந்தேன் என்று நீங்கள் காலையில் கேட்டீர்கள். நல்ல ஒலியை நாங்கள் அழிப்பதில்லை, மேடம். கெட்டுப்போன டேக்கைத்தான் அழிப்போம்.

இதோ, சொல்லவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் டிவியில் கேட்டது நடுவில் வெட்டி எடுத்த துண்டு. கார்டில் இருப்பது முழுசு. அதன் தொடக்கத்தில் என் குரல் இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் அது என்ன, எத்தனையாவது என்று மைக்கில் சொல்லிவிடுவது எங்கள் பழக்கம். வாய் தானாகச் சொல்லும். உங்கள் நிபுணர் போட்ட உடனே அதுதான் கேட்கும். “பெரியவர் மூச்சு. டேக் இரண்டு.”

ஆமாம். இரண்டு.

தூசியால் அவருக்கு இழுத்தது முதல் டேக்கில். அது தற்செயல்தான், சத்தியமாக. அப்போது நான் உறைந்துபோகவும் இல்லை. ஒலி சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டேன், போதுமான அளவு வந்ததும் இன்ஹேலரைக் கொடுத்தேன். அவருக்கு மூச்சு திரும்பியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாப்ள, நீங்க மட்டும் இல்லன்னா இன்னைக்குப் போயிருப்பேன்” என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். நான் அவரைச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டு, பதிவைப் போட்டுக் கேட்டேன். பிரமாதமாக இருந்தது. ஆனால் பாதியில் ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓட ஆரம்பித்திருந்தது. அவர் கடைசியாக இழுக்கிற இடத்தில், அந்த விசிலுக்குக் கீழே, அந்த உறுமல். அதை எடுக்கவே முடியாது. அவருக்கு இழுத்த அவசரத்தில் நான் ஃப்ரிட்ஜை அணைக்க மறந்திருந்தேன். என் தப்புதான். பட்டறையில் இன்னும் சுத்தியல் தொடங்கவில்லை. அடுத்த நாள் டைரக்டருக்குக் கொடுக்க வேண்டும்.

எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். சாவியை உள்ளே வைத்தேன். இன்ஹேலரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். “இன்னும் ஒரு தடவை மச்சான், சும்மா லேசா” என்றேன். அவரால் முடியவில்லை, தெரிந்தது. ஆனாலும் பெரியவருக்காக என்று எழுந்து உட்கார்ந்து, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். நான் அவருக்குப் பின்னால் தொங்கிய கம்பளியைக் கையால் தட்டினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு டேக் எண்ணைச் சொன்னேன்.

அதற்கு அடுத்து கார்டில் கேட்பது அவருடைய குரல். அதைக் கேட்கத்தான் என்னால் முடியாது. நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. மூச்சு இன்னும் சரியாக வராத நிலையிலும், சிரித்துக்கொண்டே எனக்கு ஞாபகப்படுத்துகிறார். “சாவி உள்ள இருக்கு மாப்ள. போகும்போது மறந்துடாதீங்க.”

பிறகு மூச்சு. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. முடிவில் அவர் தேடுவதை நிறுத்திவிட்டு, என் சட்டைப்பையைப் பார்த்தார். நான் கையை உதட்டில் வைத்து, சத்தம் போட வேண்டாம் என்று சைகை காட்டினேன். வேலைப் பழக்கம்.

இவ்வளவுதான், மேடம். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். கார்டைப் போட வேண்டாம். ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: அன்று மதியம் நான் அவரை ஒருமுறை காப்பாற்றினேன்.